யூனியன்வில்லுக்கும் மோர்னிங்சைட்டுக்கும் நடுவில் ஒரு புரட்சி

ரொறன்ரோவில் நான் அதிகம் பார்த்த இடம் ஒரு கோப்பிக் கடையின் கார் நிறுத்தும் வெளி. நயாகரா நீர்வீழ்ச்சியை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இந்த வெளியை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்தேன். என் தம்பி சிவநேசன் யூனியன்வில்லிலிருந்து ஒரு காரில் வருவான். என் தங்கை பவளம் மோர்னிங்சைட்டிலிருந்து இன்னொரு காரில் வருவாள். ஒரு கிழமை அவன் வீடு, மறு கிழமை இவள் வீடு என்று நான் ஒரு காரிலிருந்து இறங்கி மற்றக் காருக்கு நடந்து போவேன். என் பெட்டி பின்னால் உருண்டு வரும். கைதிகளை மாற்றுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அதேதான்.

நான் கனடாவுக்குப் போனது தம்பியின் குடிபூரலுக்கு. புது வீட்டில் பால் காய்ச்ச மூத்த சகோதரம் வேண்டும் என்றான். கலியாணம் கட்டாதவள் பால் காய்ச்சலாமா என்று அங்கே யாரோ கேட்டார்களாம். தம்பி அவர்களுக்குக் குடிபூரலே சொல்லவில்லையாம். அதைக் கேட்டபிறகு எப்படிப் போகாமல் இருக்கிறது?

பால் நன்றாகத்தான் பொங்கியது. ஆனால் பவளம் வரவில்லை. அரை மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிறவள் வரவில்லை.

காரணம் பழையது. மூன்று வருடத்துக்கு முன்னர் பவளம் வீடு வாங்கினபோது, எல்லோருக்கும் அனுப்பின வட்ஸ்அப் அழைப்பையே தம்பிக்கும் அனுப்பிவிட்டாள். மேலே பிள்ளையார், கீழே ஆடிக்கொண்டிருக்கிற குத்துவிளக்கு. சொந்த அண்ணனுக்கு என்ன அழைப்பு, அவன்தானே முன்னுக்கு நின்று செய்யவேண்டியவன் என்பது அவள் நினைப்பு. தங்கச்சி குங்குமச் செப்போடு வீட்டுக்கு வந்து சொல்லுவாள் என்று இவன் காத்திருந்தான். கடைசியில் சாப்பாட்டு நேரத்துக்குப் போய், ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். இப்போது தன் குடிபூரலுக்கு அவளுக்கு அதே அழைப்பை அனுப்பினான். அதே பிள்ளையார், அதே விளக்கு. விலாசம் மட்டும் வேறு.

மூன்று வருடமாக இருவருக்கும் நேரே பேச்சில்லை, பேச்சுவார்த்தை என்னூடாகத்தான். கோப்பிக் கடை வெளியில் இரண்டு கார்களும் நிற்கும். நடுவில் நான் நிற்பேன். மூன்று பேருக்கும் எல்லாம் கேட்கும்.

“அக்கா, அவவிட்டைச் சொல்லுங்கோ, காலமை உங்கடை பிரஷர்க் குளிசையை மறக்கக்கூடாதெண்டு.”

“அக்கா, அவரிட்டைச் சொல்லுங்கோ, எனக்குக் குளிசை குடுக்கத் தெரியுமெண்டு.”

நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். யாருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னது என் வாழ்நாளில் இல்லை. கடையில் அழுகின தக்காளியைத் தந்தாலும் வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான்.

என் விமான ரிக்கற் இரண்டு மாதத்துக்கு. ஆவணி முதற் கிழமை திரும்பவேண்டும். கொக்குவிலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். நான் வரும்வரை பக்கத்து வீட்டு இராசமணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தேன். இராசமணி நல்லவள்தான். இடியப்பமும் நல்லாய் அவிப்பாள். பயமே அதுதான்.

யூனியன்வில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். குளிக்கும் அறைகள் நாலு. ஆட்கள் இரண்டு பேர், தம்பியும் மனைவியும். வீதியில் ஒரு நாய்கூடத் தனியாகப் போகவில்லை, எல்லா நாய்க்கும் ஒரு ஆள் பிடித்திருந்தது. காலையில் ஓட்ஸ். மத்தியானம் ஒரு பெரிய கோப்பையில் பச்சை இலைகள், எங்கள் வீட்டு ஆட்டுக்கு வைக்கிற மாதிரி. தம்பி அதை மிகவும் சந்தோஷமாகச் சாப்பிட்டான். சின்ன வயதில் கீரைக்கறி என்றால் ஒளித்துக்கொள்கிற பிள்ளை.

எனக்கு ஒரேயொரு ஊதாரித்தனம் உண்டு. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, பால் விடாத பிளேன் ரீ குடிப்பேன். சீனி போடமாட்டேன். ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு ரீ. அதற்காகவும், இரண்டு பேருக்கும் கொடுப்பதற்காகவும், பனையோலையில் சின்னதாய் இழைத்த குட்டானில் போட்ட பனங்கட்டி பத்து கொண்டு போயிருந்தேன். குடிபூரல் முடிந்த கையோடு தம்பி ஐந்தை எடுத்துக் குசினி அலுமாரியின் உச்சித் தட்டில் வைத்துவிட்டான். எனக்குச் சீனி வருத்தம் இல்லை. வரக்கூடும் என்றான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதித் துண்டு தருவானாம். ஞாயிற்றுக்கிழமைதான் என்னைக் கார் மாற்றுகிற நாள். பெட்டி அடுக்கிற அவசரத்தில் அந்தப் பாதித் துண்டு ஒருநாளும் என் கைக்கு வரவில்லை. ரீக்குப் பதிலாகப் பச்சைத் தேயிலை என்று ஒன்று தந்தான். வைக்கோல் ஊறின தண்ணீரின் நிறமும் மணமும்.

மோர்னிங்சைட்டில் சட்டம் வேறு. பவளத்துக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை. இருட்டோடு எழும்பிக் கார் எடுப்பாள், வந்ததும் நாலு கறி வைப்பாள். அண்ணன் வீட்டில் பட்டினி போட்டிருப்பான் என்று எனக்கு இரண்டு தடவை சோறு போடுவாள். கணவாய், நண்டு, ஆட்டு இறைச்சி, மேலே மிதக்கிற எண்ணெயோடு. அங்கே இளைத்து இங்கே கொழுத்து, என் சட்டைக் கைகள் ஒருகிழமை தொளதொளக்கும், மறுகிழமை இறுக்கும். தனியே வெளியில் போகத் தடை. வீட்டுக்குள்ளும் காலுறை போடவேண்டும்.

அவள் பங்கு ஐந்து குட்டானும் அவளிடம்தான் இருந்தன. அண்ணை தராட்டால் நான் தருவன் என்றுதான் சொன்னாள். ஆனால் ரீயைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டு வந்து வைப்பாள். தடிப்பான பால், அதற்குள் சீனிக்குப் பதிலான ஒரு சின்னக் குளிசை. பனங்கட்டியை வேலைக்குக் கொண்டுபோய், அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று கூட வேலை செய்கிற பிலிப்பீன்ஸ்காரிக்கும் பஞ்சாபிக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள். பனங்கட்டி பிறம்ரன்வரை போனது. என் வாய்க்கு வரவில்லை.

பவளத்தின் மகள் அபி ஒரு பழைய கோட்டையில் வேலை செய்கிறாள். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து முடித்தவள். நகரத்துக்குள், ஏரிப் பக்கம், பெரிய மேம்பாலத்துக்கு அருகில் அந்தக் கோட்டை இருக்கிறது. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பஸ்ஸில் சனம். யன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு நீளத்துக்குக் கட்டியிருந்தது. விழாமல் பிடிக்கத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஊரில் பஸ்ஸில் இப்படி ஒரு வசதி இல்லையே என்றும் நினைத்தேன். பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. கதவு திறக்கும், மூடும். நாலாவது தடவை சாரதி எழும்பி நின்று பின்னால் பார்த்தார். என் பக்கத்திலிருந்த ஒரு கறுப்பினத்து அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, என் கையைத் தன் கைப்பையின் வாரில் வைத்துவிட்டார். அபி பிறகு சொன்னாள், அது இறங்கவேண்டியவர்கள் இழுக்கிற மணிக்கயிறாம், அந்த அம்மா சாரதியிடம், “விடப்பா, அவ பஸ்சுக்குப் புதுசு” என்றாராம். இறங்கும்வரை நான் அந்த வாரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன்.

கோட்டைக்குள் போனதும் அபி ஒரு அறைக்குள் நுழைந்தாள். திரும்பி வந்தபோது சிவப்புக் கோட்டு, வெள்ளைக் குறுக்குப் பட்டி, உயரத் தொப்பி. எங்கள் பிள்ளை வெள்ளைக்காரச் சிப்பாய். கொண்டையைத் தொப்பிக்குள் தள்ளியிருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

“பெரியம்மா, அம்மா எப்பவும் சொல்லுவாவே, ஊரிலை வேலிக் கதியால் சண்டை. உதுவும் அதுதான்.”

அப்படிச் சொன்னதால் எனக்கு முழுவதும் விளங்கியது. இங்கிலிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்தப் பக்கம் வந்தது பீவர் என்கிற பிராணியின் தோலுக்காக. ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் அந்தத் தோல் மயிரில்தான் தொப்பி போட்டார்களாம். ஒருத்தன் ஏரிக்கரையில் ஒரு கோட்டை கட்டுவான். அதைப் பார்த்து மற்றவன் இன்னொன்று கட்டுவான். இரவில் எல்லை வேலிக் கதியாலைப் பக்கத்துக் காணிக்குள் தள்ளிப் போடுவது போலத்தான். பிரெஞ்சுக்காரன் இந்த ரொறன்ரோக் கரையிலேயே மரத்தால் சின்னதாய் ஒன்று கட்டியிருந்தானாம். இங்கிலிஷ்காரன் வருகிறான் என்றதும் தானே கொளுத்திப்போட்டுப் போய்விட்டானாம்.

அப்ப காணி ஆரின்ரை என்று கேட்டேன். இரண்டு பேரின்ரையும் இல்லை, முதலே இருந்த சனத்தின்ரை, அவையை ஒருத்தரும் கேக்கேல்லை என்றாள்.

சண்டை வருடக் கணக்காய் நடந்து இங்கிலிஷ்காரன் வென்றான். வழக்கில் வென்றவன் பாடு தெரியும்தானே. காணி கைக்கு வரும், கூடவே கடனும் வரும். அந்தக் கடனை யாரிடம் கேட்பது? கீழே அமெரிக்காப் பக்கம் இருந்த தன் சனத்திடமே கேட்டான். உங்களுக்காகத்தானே சண்டை பிடித்தோம் என்று கடுதாசிக்கு வரி, கண்ணாடிக்கு வரி, கடைசியில் தேயிலைக்கும் வரி. மலைக்கு அங்கால் பிடித்த காணிக்குள் நீங்கள் போகக்கூடாது என்றும் ஒரு கோடு போட்டான். தோற்ற பிரெஞ்சுச் சனத்துக்கு மட்டும் உங்கள் கோயிலும் சட்டமும் உங்களோடு இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தான். மற்றப் பிள்ளைக்கு எரிச்சல் வராதா? லண்டனில் இருந்து சட்டம் போட்ட சபையில் இந்தச் சனத்துக்கு ஒரு கதிரைகூட இல்லை. எல்லாம் உங்கள் நன்மைக்கு என்றுதான் சொன்னார்களாம்.

இந்த இடத்தில் எனக்கு ஓட்ஸ் ஞாபகம் வந்தது.

பிறகு ஒரு இரவு அந்தச் சனம் வேஷம் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறி, தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டிவிட்டது. அதிலிருந்து பெரிய புரட்சி. பழைய கோபத்தில் பிரெஞ்சு ராசா புரட்சிக்காரருக்குக் காசும் கப்பலும் கொடுத்தான். இங்கிலிஷ்காரனை நோகடிக்கவேண்டும் என்றே கொடுத்துக் கொடுத்து, தன் வீட்டுப் பெட்டியைக் காலியாக்கினான். கொஞ்சக் காலத்தில் அவன் சனமும் எழும்பி அவன் தலையையே எடுத்துவிட்டது. எரிச்சலில் செலவழிக்கக்கூடாது என்பது எனக்கு விளங்கியது.

கொட்டினது எங்கட தேயிலையோ என்று கேட்டேன். சீனத் தேயிலையாம். எங்கள் மலைநாட்டில் அப்போது தேயிலையே நடவில்லையாம். அது ஒரு ஆறுதல். எங்கள் சனம் அட்டை கடிக்கக் கடிக்கப் பறித்ததைக் கடலில் கொட்டியிருந்தால் நான் ராசா பக்கம் போயிருப்பேன்.

ராசா பக்கம் நின்றவர்கள் தோற்றதும் வீடு வாசலை விட்டு வடக்கே ஓடிவந்தார்கள். கனடாவில் கனபேர் அப்படி வந்தவர்களின் பரம்பரை. அபி இதைச் சொன்னபோது அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் சிரித்துக்கொண்டு, “எங்கள் பக்கத்தில் அவர்களைத் துரோகிகள் என்போம்” என்றார். இந்த ஊர்க்காரர் ஒருவர், “நாங்கள் விசுவாசிகள் என்போம்” என்றார். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அபி எனக்கு மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பழக்கமானவை. எங்கள் ஊரில் அவற்றைச் சொல்லிக் கைகொடுத்தவர்களை நான் காணவில்லை. நான் திரும்பிப் பீரங்கியைப் பார்த்தேன்.

மத்தியானம் புல்லில் இருந்து மட்டன் ரோல் சாப்பிட்டோம். அபி சிப்பாய்க் கோட்டின் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து என் மடியில் போட்டாள். ஒரு பனங்கட்டிக் குட்டான். தாய் வேலைக்குக் கொண்டுபோகிற பையில் மிஞ்சியிருந்ததை எடுத்திருக்கிறாள்.

“அந்தச் சனமும் களவாத்தான் தேயிலை கடத்தினது, பெரியம்மா. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.”

நான் அதை என் கைப்பையின் அடியில் வைத்தேன். மனம் பதறியது. சந்தோஷமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு செய்தி வந்தது. முதலாவது ஊரிலிருந்து. இராசமணி தொலைபேசியில் கூப்பிட்டு, கடைக்காரர் தன் இடியப்பம் பஞ்சு மாதிரி என்று சொன்னதாகவும், நான் அவசரப்படாமல் ஆறுதலாக வரலாம் என்றும் சொன்னாள். குரலில் அவ்வளவு அன்பு.

இரண்டாவது செய்தியைப் பவளம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். என் விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பதாக முடிவாகிவிட்டதாம். பனிக்காலத்தில் முதல் பாதி யூனியன்வில், பின் பாதி மோர்னிங்சைட். தம்பி ஒரு குளிர்க்கோட்டும் வாங்கிவிட்டானாம். பேச்சே இல்லாத இரண்டு பேர் இதை எப்படி முடிவுசெய்தார்கள் என்று கேட்டேன். அபிக்கு வட்ஸ்அப்பில் எழுதி, அபி மற்றவருக்கு அனுப்பி, அப்படியே நடந்திருக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்தான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். ஆட்டின தலைக்குள் இராசமணி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிறு இரண்டு கார்களும் வந்தன. நான் பவளத்தின் காரிலிருந்து இறங்கினேன். பெட்டி உருண்டது. தம்பி தன் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இருக்கையில் அந்தக் குளிர்க்கோட்டு ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. கைகள்கூட மடியில் இருந்தன.

நான் பாதித் தூரத்தில் நின்றேன். பெட்டியை அங்கேயே விட்டேன். இடது பக்கம் திரும்பி, கோப்பிக் கடைக்குள் போய்விட்டேன்.

கடைக்குள் தனியே போனது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ரீ என்றேன். அந்தப் பெண் திரும்பவும் ஏதோ கேட்டாள். பின்னால் நின்ற ஒரு பொடியன், “பாட்டி, ஸ்மாலா மீடியமான்னு கேக்குறாங்க” என்றான். தமிழ்நாட்டுப் பிள்ளை, தோளில் கொம்பியூட்டர்ப் பை. என்னை இதற்கு முன் ஒருவரும் பாட்டி என்று கூப்பிட்டதில்லை. ஸ்மால் என்றேன். பால் வேண்டாம் என்றேன். சீனி வேண்டாம் என்றேன். அடுத்தடுத்து இரண்டு வேண்டாம். சொல்லிவிட்டு நானே திகைத்துப்போனேன்.

யன்னலோரம் ஒரு மேசையில் இருந்தேன். வெளியில் இரண்டு பேரும் தங்கள் தங்கள் கார்ப் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் என் பெட்டி. தம்பி பெட்டியைப் பார்த்தான். பவளமும் பெட்டியைப் பார்த்தாள். முதலில் யார் அசைவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். தம்பி கதவைப் பிடித்ததால் அவள் முதலில் நுழையவேண்டியதாயிற்று. மேசையில் மிச்சம் இரண்டு கதிரைதான் இருந்தது.

“என்னக்கா, நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யுதோ?” என்று பவளம் கேட்டாள்.

நான் கைப்பையைத் திறந்து குட்டானை எடுத்தேன். ஓலையை விரித்து, ஒரு துண்டு உடைத்து, கடித்து, ஒரு மிடறு ரீ குடித்தேன். அந்த ரீ சுமார்தான். ஆனால் இரண்டு மாதத்தில் அதைப்போல ஒன்று நான் குடிக்கவில்லை.

“உது எங்காலை வந்தது?” என்றான் தம்பி.

“நான் ஆவணி முதற் கிழமை போறன்,” என்றேன். “ரிக்கற்றிலை இருக்கிற நாளுக்கே போறன். எனக்கு அங்கை வேலை கிடக்கு.”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அவர்களைச் சின்னவர்களாய்த் தூக்கின கையால் நான் இன்னொரு துண்டு உடைத்தேன்.

பவளம் மெதுவாய்த் தலையைத் திருப்பினாள். “அண்ணை, பாத்தியளே அக்கா கதைக்கிறதை?”

மூன்று வருடத்தில் அவள் அவனிடம் நேரே பேசின முதல் வசனம்.

“நான் எப்பவோ சொன்னனான், இவ பிடிவாதக்காரி எண்டு,” என்றான் தம்பி.

“எப்ப சொன்னனீங்கள்? என்னோடை எங்கை கதைச்சனீங்கள்?”

“கதைச்சிருந்தால் சொல்லியிருப்பன்.”

பிறகு இரண்டு பேரும் என் பிடிவாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்தார்கள். அப்பா பார்த்த மாப்பிள்ளையைப் பார்க்க வராமல் நான் கிணற்றடியில் நின்றது. இடம்பெயர்ந்தபோது ஆட்டை விட்டு வராமல் நான் வீதியில் உட்கார்ந்தது. அவள் ஒன்று சொல்ல அவன் ஓமோம் என்றான். அவன் ஒன்று சொல்ல அவள் மிச்சத்தைச் சொன்னாள். நான் மாட்டேன் என்று யாருக்கும் சொன்னதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். நான் வாய் திறந்து சொல்லவில்லைதான்.

பேச்சோடு பேச்சாய்த் தம்பி ஓலைக்குள் கைவைத்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். பவளமும் போட்டாள். அவன் எழும்பிப் போய் இரண்டு ரீ வாங்கிவந்தான். தங்கைக்குப் பால் கூட, சொல்லாமலே. என் குட்டான் முடிந்துபோனது.

விமான நிலையத்துக்கு ஒரே காரில் போனோம். என் பெட்டி நிறை கூடிவிட்டது என்றார்கள். அதைத் திறந்து, யார் வாங்கினதை வெளியில் எடுப்பது என்று இரண்டு பேரும் அங்கேயே சண்டை பிடித்தார்கள். நேரே பார்த்து, வாய் நிறையச் சண்டை. அபி எனக்குப் பக்கத்தில் நின்று கண்ணைச் சிமிட்டினாள். நான் குளிர்க்கோட்டை வெளியில் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

ஊருக்கு வந்த அன்றே இராசமணி வீட்டுக்குப் போனேன். நேரில் போய்க் கேட்பது நல்லது என்று பட்டது. சனி, ஞாயிறு அவளுக்கு, மற்ற நாட்கள் எனக்கு என்று பேசி முடித்தோம். என் இடியப்பம் கொஞ்சம் கெட்டிதான் என்று அவள் சொன்னாள். இருக்கலாம்.

இப்போது விடியப்புறம் நான் இடியப்பம் பிழிகிற நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கும். அங்கே அது முதல் நாள் பின்னேரம். முன்னர் இரண்டு பேரும் தனித்தனியே கூப்பிட்டு மற்றவரைப் பற்றி முறையிடுவார்கள். இப்போது ஒரே இணைப்பில் இரண்டு பேரும் வருகிறார்கள். அக்கா சொல்வழி கேக்கிறதில்லை, அக்கா குளிசை போடுகிறதில்லை, அக்கா பனங்கட்டி தின்கிறா என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி என்னைப் பேசுகிறார்கள். நான் தொலைபேசியை மாச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கடி கடித்து, ஒரு மிடறு குடித்து, பிழிந்துகொண்டிருக்கிறேன். பேசட்டும்.